கிங் கவுன்ட்டி: 4 கோடி டாலர் ஸ்டேடியம், 5 கோடி டாலர் விவசாய நிலம் – ஒரு நிகழ்வு ஆய்வு

எதுக்கு இந்த கேஸ்

வாஷிங்டன் மாநிலத்துல சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் எல்லாம் அடங்கினதுதான் கிங் கவுன்ட்டி. கிட்டத்தட்ட ஒரு மாவட்டம்னு வெச்சுக்கலாம், ஆனா கலெக்டர்னு யாரும் கிடையாது, ஜனங்க ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கிற ஒரு எக்ஸிக்யூட்டிவும் ஒரு கவுன்சிலும் சேர்ந்துதான் கவுன்ட்டியோட பார்க், பட்ஜெட், நகரங்களுக்கு வெளிய இருக்கிற இடங்களோட ரோடு, நில உபயோகம் எல்லாத்தையும் முடிவு பண்ணுவாங்க, நகரங்களுக்குள்ள நில உபயோகத்தை அந்தந்த சிட்டி கவுன்சில் பாத்துக்கும். இந்த கவுன்ட்டி 1968ல ஒரு ஸ்டேடியம் கட்ட 4 கோடி டாலர் பாண்டுக்கும், 1979ல விவசாய நிலத்தை காப்பாத்த 5 கோடி டாலர் பாண்டுக்கும் ஜனங்க கிட்ட ஓட்டு கேட்டுச்சு. பாண்டுன்னா கவுன்ட்டி கடனா வாங்கி, அப்புறம் வரிப்பணத்துல திருப்பி கட்டற பணம். ரெண்டும் பாஸ் ஆச்சு. ரெண்டுக்கும் பணம் வந்தது ஒரே ஊர் ஜனங்க வரிப்பணத்துல இருந்துதான். ரெண்டும் கடைசியில என்ன ஆச்சுங்கறத இன்னைக்கு உக்காந்து முழுசா பாக்க முடியுது, அந்த மாதிரி வாய்ப்பு ரொம்ப அபூர்வம், அதனாலதான் எழுதறேன்.

என் கருத்த முதல்லயே சொல்லிடறேன். கட்டடம் இந்த வருஷம் முடியலன்னா அடுத்த வருஷம் கட்டிக்கலாம், வேற இடத்துல கூட கட்டிக்கலாம், ஆனா நல்ல வண்டல் மண்ணு மேல ஒரு தடவை தார் போட்டாச்சுன்னா முடிஞ்சு போச்சு. பணம் பிரிக்கிற எடத்துல எது அவசரம்னு கேக்கறதுக்கு முன்னாடி எதை திருப்பி எடுக்க முடியாதுன்னு கேக்கணும். கிங் கவுன்ட்டி ஒரு தடவை அத சரியா கேட்டுச்சு, இன்னொரு தடவை அதே கவுன்ட்டியே மறந்து போச்சு. சம்பந்தப்பட்டவங்க பேர் எதுவும் இதுல போடல, அவங்க எடுத்த முடிவுகளை மட்டும் பாப்போம்.

பின்னணி

சியாட்டிலை சுத்தி இருக்கிற ஆத்துப் பள்ளத்தாக்குகள், அதாவது தெக்க கிரீன் ரிவர், வடகிழக்குல சமாமிஷ், இன்னும் கிழக்க ஸ்னோக்வால்மி, இதெல்லாம் வெள்ளம் வந்து வந்து வண்டல் படிஞ்ச இடம். 1907ல ஆரம்பிச்ச பைக் ப்ளேஸ் மார்க்கெட்டுக்கு காய்கறி போனது பெரும்பாலும் இந்த மண்ணுல இருந்துதான். அந்தக் காலத்துல அங்க விவசாயம் பண்ணவங்கள்ல ஜப்பானிய குடும்பங்கள் ரொம்ப அதிகம், 1942ல உலகப்போரை காரணம் காட்டி அமெரிக்க அரசாங்கம் அவங்களை மொத்தமா முகாம்களுக்கு அனுப்பிடுச்சு. திரும்பி வந்தவங்கள்ல பல பேருக்கு நிலம் கைக்கு வரல. விவசாயத்துக்கு அங்க விழுந்த முதல் பெரிய அடி அதுதான், அதுக்கும் ரியல் எஸ்டேட்டுக்கும் சம்பந்தமே இல்ல.

ரெண்டாவது அடி ஒரு அணை வழியா வந்துச்சு. கிரீன் ரிவர் மேல ஹோவர்ட் ஹான்சன் அணை 1960களோட ஆரம்பத்துல முடிஞ்சுது, கென்ட், ஆபர்ன் பக்கம் வருஷா வருஷம் வந்த வெள்ளம் நின்னுச்சு. விவசாயிங்களுக்கு நல்லதுதானேன்னு தோணும். ஆனா அத்தனை வருஷமும் அந்த நிலத்துல யாரும் ஃபேக்டரி கட்டாம இருந்ததுக்கு காரணமே அந்த வெள்ளம்தான், வெள்ளம் போனதும் போயிங் வந்துச்சு, குடோன்கள் வந்துச்சு, ஃப்ரீவே வந்துச்சு, 1968ல பக்கத்துலயே சவுத்சென்டர் மால் திறந்தாங்க. நிலாவுல ஓடின அந்த ரோவர் வண்டியை போயிங் செஞ்சது கென்ட்லதான், அது பெருமையான விஷயம்தான், ஆனா பத்து வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் அந்த ஊரு கீரையும் காய்கறியும் விளைவிச்சு கொடுத்த ஊரு.

அதே 1968, பிப்ரவரி மாசம், ஃபார்வர்ட் த்ரஸ்ட்னு ஒரு பெரிய பாண்ட் தொகுப்பு ஓட்டுக்கு வந்துச்சு. பார்க்குக்கு 11.8 கோடி டாலர், ஸ்டேடியத்துக்கு 4 கோடி டாலர் பாஸ் ஆச்சு. ரயிலுக்கு கேட்டது பாதிக்கு மேல ஓட்டு வாங்கியும் 60 சதவீதம் தொடாததால தோத்துப் போச்சு. இந்த 60 சதவீத விதிய ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும். அந்த ஸ்டேடியம்தான் கிங்டோம். எங்க கட்டறதுன்னு பல வருஷம் இழுபறி, கடைசியில சைனாடவுன் பக்கத்துல கட்டினாங்க, 1972ல அடிக்கல் போட்ட அன்னைக்கு அந்தப் பகுதி ஆசிய இளைஞர்கள் மண்ணுருண்டை வீசி எதிர்ப்பு காட்டினாங்க. 1976ல திறந்தப்ப செலவு 6.7 கோடி டாலருக்கு போயிருந்துச்சு.

கவனிச்சது என்ன

1970கள்ல கவுன்ட்டி ஆளுங்களும் கவுன்சில் மெம்பர்களும் விவசாய நிலம் போற வேகத்தை பாத்து பயந்தாங்க. அதுக்கு முன்னாடியே மாநிலம் 1970ல ஒரு சட்டம் போட்டிருந்துச்சு, விவசாயம் பண்ற நிலத்துக்கு வீட்டு மனை ரேட்டுல வரி போடாம விவசாய மதிப்புல மட்டும் வரி போடலாம்னு. நல்ல சட்டம்தான், ஆனா விவசாயி விக்கணும்னு முடிவு பண்ணிட்டா சலுகையா கிடைச்ச வரிய அபராதத்தோட திருப்பி கட்டிட்டு வித்துட்டு போயிடலாம், பில்டர் குடுக்கிற விலையில அது ஒரு பெரிய தொகையே இல்ல.

இன்னொன்னும் கவனிச்சாங்க, எனக்கு இந்த கேஸ்ல ரொம்ப முக்கியமா படறது இதுதான். நிலம் விக்கிறதுக்கு பத்து வருஷம் முன்னாடியே விவசாயம் சாக ஆரம்பிச்சுடுது. பக்கத்து நிலத்துக்காரர் வித்துட்டாருன்னா இவரு கொட்டகைக்கு புது கூரை போட மாட்டாரு, வடிகால் தூர் வார மாட்டாரு, எப்படியும் போகப்போற நிலம்தானேன்னு விட்டுடுவாரு. பால்காரங்க குறைஞ்சா தீவன கடை மூடும், டிராக்டர் ரிப்பேர் கடை மூடும், அப்புறம் விவசாயம் பண்ணணும்னு ஆசைப்படறவருக்கும் வழி இல்லாம போகும். ஆக ஒரு நிலத்தை மட்டும் காப்பாத்தி பிரயோஜனமில்ல, ஒரு பள்ளத்தாக்கா சேர்த்து காப்பாத்தணும், அதுவும் இது நிரந்தரம்னு எல்லாரும் நம்பற மாதிரி செய்யணும்.

விவசாயிங்க பக்கமும் ஒரு நியாயம் இருந்துச்சு. அவங்களுக்கு பென்ஷன் கிடையாது, நிலம்தான் பென்ஷன், பசங்க விவசாயத்துக்கு வரல, வயசான காலத்துல வித்து சாப்பிடலாம்னு இருக்கிறவங்க கிட்ட போய் நாளையில இருந்து இத விக்கக்கூடாது, வீடு கட்டக்கூடாதுன்னு சட்டம் போட்டா அது அவங்க வயித்துல அடிக்கிறதுதான். ஊருக்கே பசுமை வேணும்னா அதுக்கான விலைய ஊரே குடுக்கணும், ஒரு சில குடும்பம் மட்டும் ஏன் சுமக்கணும்?

எடுத்த முடிவு, அதுக்கு காரணம்

மூணு வழி முன்னாடி இருந்துச்சு. ஒண்ணு ஜோனிங், அதாவது எந்த நிலத்துல என்ன கட்டலாம், என்ன கூடாதுன்னு விதி போடறது, காசு செலவில்ல, ஆனா இன்னைக்கு கவுன்சில் போட்ட ஜோனிங்க நாளைக்கு வர்ற கவுன்சில் மாத்திடலாம், அதனால யாருக்கும் அது மேல நம்பிக்கை வராது. இன்னொன்னு நிலத்தையே கவுன்ட்டி விலைக்கு வாங்கறது, அது ரொம்ப காஸ்ட்லி, வாங்கின அப்புறம் யாரு விவசாயம் பண்றது, கவுன்ட்டி ஆபீஸ்காரங்களா? மூணாவது, டெவலப்மென்ட் ரைட்ஸ, அதாவது நிலத்தை மனை போட்டு வீடு, கட்டடம்னு மாத்தற உரிமைய மட்டும் வாங்கறது.

இது எப்படின்னா, தோப்பு நம்ம பேர்லயே இருக்கும், காய் பறிக்கலாம், குத்தகைக்கு விடலாம், விக்கலாம், பசங்களுக்கு எழுதலாம், ஆனா மரத்தை வெட்டற உரிமைய மட்டும் இன்னொருத்தருக்கு வித்து காசு வாங்கிட்ட மாதிரி. நிலத்துக்கு மார்க்கெட்ல என்ன விலை, விவசாயத்துக்கு மட்டும்னா என்ன விலைன்னு ரெண்டையும் மதிப்பு போட்டு, நடுவுல இருக்கிற வித்தியாசத்தை கவுன்ட்டி ரொக்கமா குடுத்துடும். பதிலுக்கு பத்திரத்துல ஒரு நிபந்தனை ஏறும், நிலம் எத்தனை கை மாறினாலும் அது கூடவே போகும். நிலத்துல 5 சதவீதத்துக்கு மேல உழ முடியாதபடி எதையும் மூடக்கூடாதுங்கறதும் அந்த நிபந்தனையில ஒண்ணு. நியூயார்க் மாநிலத்துல சஃபோக் கவுன்ட்டி 1974லயே இத ஆரம்பிச்சிருந்துச்சு, அத பாத்து கிங் கவுன்ட்டியும் இறங்குச்சு.

யார் வித்தாலும் அவங்க இஷ்டப்பட்டு விக்கணும், கட்டாயம் கிடையாதுன்னு முடிவு பண்ணாங்க. இது சரியான முடிவுன்னு நினைக்கிறேன், ஏன்னா கட்டாயம்னு வந்திருந்தா விவசாயிங்களே எதிர்த்து நின்னிருப்பாங்க, டவுன்ல இருக்கிறவங்க ஓட்டு மட்டும் வெச்சு ஜெயிச்சிருக்கவே முடியாது.

முதல் தடவை ஓட்டுக்கு விட்டப்ப 60 சதவீதத்துக்கு கொஞ்சம் குறைஞ்சு தோத்துச்சு. இங்க நிறைய பேர் விட்டுட்டு போயிருப்பாங்க. ஆனா அவங்க திரும்ப கொண்டு வந்தாங்க, 1979 நவம்பர்ல 5 கோடி டாலர் பாண்டுக்கு 63 சதவீதம் பேர் சரின்னு ஓட்டு போட்டாங்க. ஒரு விஷயம் யோசிச்சு பாருங்க, ஓட்டு போட்டவங்கள்ல பெரும்பான்மை சியாட்டில் அப்பார்ட்மென்ட்லயும் சபர்ப் வீட்லயும் இருந்தவங்க, அவங்களுக்கு இதுல இருந்து ஒரு கட்டடம் வரப்போறதில்ல, ரிப்பன் வெட்டற விழா கூட கிடையாது, சொத்து வரி மட்டும் ஏறும். இருந்தும் சரின்னாங்க. எட்டு வருஷம் முன்னாடி, 1971ல, பைக் ப்ளேஸ் மார்க்கெட்டை இடிக்க விடாம ஓட்டு போட்டு காப்பாத்தினதும் சியாட்டில் ஜனங்கதான், மார்க்கெட் இருந்து விவசாயி இல்லன்னா என்ன அர்த்தம்னு அவங்களுக்கு புரிஞ்சிருந்துச்சு.

வழக்கு, வட்டி, காத்திருப்பு

ஓட்டு ஜெயிச்ச உடனே நிலம் வாங்க முடியல. வரி கட்டற ஒருத்தர் கேஸ் போட்டாரு, இது தனியாருக்கு பொதுப்பணத்தை தூக்கி குடுக்கற மாதிரி, செல்லாதுன்னு. மாநில சுப்ரீம் கோர்ட் 1980ல இது பொது நோக்கம்தான், பண்ணலாம்னு தீர்ப்பு குடுத்துச்சு. அதுக்குள்ள வட்டி விகிதம் வரலாறு காணாத உயரத்துக்கு போயிடுச்சு, பாண்டுக்கு போட்டிருந்த வட்டி வரம்புல யாரும் வாங்க தயாரா இல்ல. ஆக நிலம் வாங்கற வேலை 1980களோட நடுவுலதான் சூடு பிடிச்சுது, 1987க்குள்ள சுமார் 12,600 ஏக்கருக்கு ரைட்ஸ் வாங்கி முடிச்சாங்க, பாண்ட் தொகைய வகுத்து பாத்தா ஏக்கருக்கு 4,000 டாலர் வாக்குல வருது.

காத்திருந்த அந்த வருஷங்கள்ல கென்ட் பள்ளத்தாக்குல குடோன் கட்டறது நிக்கல. காப்பாத்தினது பெரும்பாலும் ஸ்னோக்வால்மி, ஈனம்க்ளா மேட்டு நிலம், கிரீன் ரிவரோட மேல் பகுதி, சமாமிஷ்ல கொஞ்சம். மார்க்கெட்டுக்கு ரொம்ப கிட்ட இருந்த கென்ட் நிலம் பெரும்பாலும் போயே போச்சு.

1985ல கவுன்ட்டி இன்னொரு நல்ல காரியம் பண்ணுச்சு. பெரிய விவசாய பகுதிகளை மொத்தமா விவசாய உற்பத்தி மண்டலம்னு அறிவிச்சு, 10 ஏக்கருக்கு ஒரு வீடு, சில இடத்துல 35 ஏக்கருக்கு ஒரு வீடுன்னு ஜோனிங் போட்டாங்க. ரைட்ஸ் விக்காதவங்க நிலமும் இதுக்குள்ள வந்துச்சு. 1990ல மாநிலம் வளர்ச்சி மேலாண்மை சட்டம் கொண்டு வந்து, விவசாய நிலத்தை அடையாளம் கண்டு காப்பாத்தறது கவுன்ட்டிகளோட கடமைன்னு ஆக்கிடுச்சு. நிலத்துக்கு ரெண்டு பூட்டு, ஒண்ணு பத்திரத்துல, ஒண்ணு சட்டத்துல.

மைதானம் வேணும்னு வந்தப்போ

ரெட்மண்டுக்கு மைக்ரோசாஃப்ட் 1986ல வந்துச்சு, அதுக்கப்புறம் சமாமிஷ் பள்ளத்தாக்கை சுத்தி வீடுகள் வந்த வேகம் சொல்லி மாளாது. நம்ம ஆளுங்களும் அந்த அலையில வந்தவங்கதான். பசங்க இருந்தா சாக்கர், சாக்கர்னா மைதானம் வேணும், மேட்டுல எல்லா இடமும் வீடு, சரிவு, சமமான நிலம் எங்கன்னா கீழ பள்ளத்தாக்குல. அங்க ஏற்கனவே சிக்ஸ்டி ஏக்கர்ஸ்னு கவுன்ட்டிக்கு சொந்தமான இடத்துல மைதானங்கள் உண்டு, சனிக்கிழமை காலையில ஈர ஜெர்சியோட பசங்களும், மடக்கு நாற்காலிய தூக்கிட்டு பெத்தவங்களும் போற அந்த இடம் இந்தப் பக்கம் இருக்கிற எல்லா தமிழ் வீட்டுக்கும் தெரியும். நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான், மைதானம் கேட்டவங்களை குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல.

1997ல கவுன்ட்டி கவுன்சில் தன்னோட திட்டத்தையும் ஜோனிங்கையும் திருத்துச்சு, விவசாயத்துக்குன்னு ஒதுக்கின நிலத்துல சில நிபந்தனையோட விளையாட்டு மைதானம் போடலாம்னு. கவுன்ட்டி தரப்பு வாதம் ஒண்ணும் பலவீனமானது கிடையாது. வளர்ச்சி மேலாண்மை சட்டத்துலயே விளையாட்டு, பொழுதுபோக்கு வசதி பெருக்கணும்ங்கறதும் ஒரு இலக்குதான், விவசாய நிலத்தை காப்பாத்த புதுமையான வழிகளை கவுன்ட்டி பயன்படுத்தலாம்னும் சட்டம் சொல்லுது, மைதானம்னா கட்டடம் கிடையாதே, மண்ணு அங்கயேதானே இருக்கப்போகுது.

எதிர்த்தவங்க கேட்டது எளிமையான கேள்வி. சமாமிஷ் விவசாய மண்டலமே ஆயிரம் ஏக்கர் சொச்சம்தான், கவுன்ட்டியில இருக்கிறதுலயே சின்னதுல ஒண்ணு, ஆனா டவுனுக்கு ரொம்ப கிட்ட, மண்ணு முதல் தரம். அதுல ஒரு துண்டு மைதானத்துக்கு குடுத்தா அடுத்த துண்டுக்கு இன்னொரு சங்கம் வரும், பார்க்கிங் வரும், டாய்லெட் வரும், லைட் வரும். அதோட நிலத்து விலை விவசாயி குடுக்கக்கூடிய விலையில நிக்காது, அடுத்தது மைதானம் வரலாம்னு எதிர்பார்ப்புலயே ஏறிடும். முன்னாடி சொன்னேனே, விக்கிறதுக்கு பத்து வருஷம் முன்னாடியே விவசாயம் சாகும்னு, அது இங்க ரெண்டாவது தடவை நடக்க இருந்துச்சு, இந்த தடவை காரணம் பில்டர் கிடையாது, கவுன்ட்டியே.

வளர்ச்சி மேலாண்மை சட்டம் பத்தின புகார்களை விசாரிக்கிற மாநில போர்டு, கவுன்ட்டி திருத்தம் சட்டத்துக்கு ஒத்து வரலன்னு சொல்லுச்சு. கேஸ் கோர்ட்டுக்கு போய், கடைசியா மாநில சுப்ரீம் கோர்ட் 2000 டிசம்பர்ல போர்டு சொன்னதே சரின்னு தீர்ப்பு குடுத்துச்சு. சாராம்சம் என்னன்னா, புதுமையான ஜோனிங் வழிகள் இருக்கறதே விவசாய நிலத்தை காப்பாத்தத்தான், அதையே சாக்கா வெச்சு நல்ல மண்ணு இருக்கிற மொத்த நிலத்தையும் சம்பந்தமில்லாத உபயோகத்துக்கு மாத்தக்கூடாது, விவசாயத்துக்கு லாயக்கில்லாத மண்ணு இருந்தா அங்க வேற உபயோகம் வெச்சுக்கலாம். பொழுதுபோக்கு வசதியும் இலக்குதான், ஆனா அத விவசாய நிலத்துக்கு மேலதான் போடணும்னு சட்டம் எங்கயும் சொல்லல.

அதே வருஷம் ஸ்டேடியத்துக்கு என்ன ஆச்சு

2000 மார்ச் 26, கிங்டோமை வெடி வெச்சு தகர்த்தாங்க. திறந்து 24 வருஷம். அதுக்கு முன்னாடி 1994ல உள்கூரை ஓடுகள் பெயர்ந்து சீட்டுகள் மேல விழுந்துச்சு, நல்லவேளை மேட்ச் ஆரம்பிக்கல. அதை சரி பண்ண மட்டும் சுமார் 5.1 கோடி டாலர் ஆச்சு, அந்த வேலையில கிரேன் விபத்துல ரெண்டு தொழிலாளிங்க உயிரும் போச்சு. 5.1 கோடிங்கறது 1979ல விவசாய நிலத்துக்கு கேட்ட முழு பாண்டை விட அதிகம். பண மதிப்பு நடுவுல குறைஞ்சிருக்கு, அத கழிச்சுத்தான் பாக்கணும், ஒத்துக்கறேன். ஆனா ஒரு கூரை ரிப்பேருக்கு அவ்வளவு குடுத்து ஆறு வருஷத்துல மொத்தத்தையும் இடிச்சாங்க, கட்டடம் போன பிறகும் கிங்டோம் கடனை கட்டி முடிக்க 2015 வரைக்கும் ஆச்சு.

கிங்டோமே தப்புன்னு நான் சொல்ல வரல. லட்சக்கணக்கான ஜனங்க அங்க சந்தோஷமா மேட்ச் பாத்திருக்காங்க, ஒரு ஊருக்கு அதுவும் வேணும். பேசணும்னா முன்னுரிமை பத்தி பேசலாம். ஸ்டேடியம் ஓட்டுக்கும் நிலத்து ஓட்டுக்கும் நடுவுல 11 வருஷம் போச்சு, அந்த 11 வருஷத்துலதான் கென்ட் போச்சு. வரிசைய மாத்தியிருந்தா ஸ்டேடியம் 1987ல வந்திருக்கும், அவ்வளவுதான்.

அதுக்கப்புறம்

2005ல மாநில சட்டமன்றம் விவசாய நிலத்துல ஏற்கனவே இருந்த சில மைதானங்களுக்கு மட்டும் குறுகலா ஒரு விதிவிலக்கு குடுத்துச்சு, புதுசா போட கதவு திறக்கல. பள்ளிக்கூட விஷயத்துல கவுன்ட்டி இன்னும் தெளிவா நடந்துச்சு. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுகள் கிராமப் பகுதியில நிலம் விலை கம்மின்னு வாங்கி போட்டு வெச்சிருந்தாங்க, அங்க ஸ்கூல் கட்டினா பின்னாடியே தண்ணி லைன், சாக்கடை லைன், வீடுகள்னு எல்லாம் வந்துடும். கேஸ் போடறதுக்கு பதிலா எல்லா தரப்பையும் சேர்த்து ஒரு குழு போட்டு, கட்டாம கிடந்த 18 இடத்தையும் ஒவ்வொண்ணா எடுத்து பாத்து, 2012ல இனிமே புது ஸ்கூல் டவுன் எல்லைக்குள்ளதான்னு பரிந்துரை குடுத்தாங்க. மைதான விஷயத்துலயும் இப்படியே முதல்ல உக்காந்து பேசியிருக்கலாமேன்னு எனக்கு ஆதங்கம் உண்டு.

2019ல திரும்ப சறுக்கினாங்க. வுடின்வில் ஒயினுக்கு பேர் போன ஊரு, பள்ளத்தாக்கு ஓரத்துல ஒயினை ருசி பாத்து வாங்கற டேஸ்டிங் ரூம்கள் முளைச்சுது, அதுக்கு ஏத்த மாதிரி கவுன்ட்டி ஒரு சட்டம் போட்டுச்சு, சுற்றுச்சூழல் ஆய்வு சரியா பண்ணல, விவசாய நிலத்துக்கு என்ன ஆகும்னு பாக்கலன்னு உள்ளூர் ஜனங்க கேஸ் போட்டாங்க. 2024 செப்டம்பர்ல மாநில சுப்ரீம் கோர்ட் கவுன்ட்டிக்கு எதிரா தீர்ப்பு குடுத்துச்சு. இன்னொரு பக்கம் 2022 நவம்பர்ல திறந்தவெளி, விவசாய நிலம் வாங்கற வரிய பழைய அளவுக்கு ஏத்தலாமான்னு கேட்டப்ப ஜனங்க பெரிய மெஜாரிட்டியில சரின்னாங்க. இப்ப மொத்தம் 15,000 ஏக்கருக்கு மேல நிரந்தரமா பாதுகாப்புல இருக்கு.

நிலம் யாருக்கு பயன்பட்டுச்சுன்னும் சொல்லணும். லாவோஸ்ல இருந்து அகதியா வந்த ஹ்மாங் குடும்பங்களுக்கு 1980கள்ல இந்தப் பள்ளத்தாக்குகள்ல நிலம் ஏற்பாடு பண்ணாங்க, இன்னைக்கு பைக் ப்ளேஸ் மார்க்கெட்ல வரிசையா பூக்கட்டு விக்கிற கடைகள்ல பெரும்பாலானது அவங்களோடது. டாலியாவும் ட்யூலிப்பும் பேப்பர்ல சுத்தி குடுப்பாங்க. மேல போற குடும்பம் ஒவ்வொண்ணுக்கும் கீழ கொஞ்சம் மண்ணு தேவைப்பட்டுச்சு, அது இருந்துச்சு.

கஷ்டமும் இருக்கு. பழைய பத்திரங்கள்ல இத்தனை வீட்டுக்கு மேல கட்டாதேன்னு இருக்கு, விவசாயம் பண்ணியே ஆகணும்னு இல்ல. அதனால பெரிய பணக்காரங்க நிலத்தை வாங்கி பெரிய வீடும், நாலு குதிரையும், வெட்டின புல்வெளியுமா வெச்சுக்கறாங்க, சட்டப்படி தப்பில்ல, ஆனா அங்க ஒரு முட்டைக்கோஸ் விளையல. விலையும் அவங்க ரேட்டுக்கு ஏறி, விவசாயம் பண்ண வர்ற இளசுகளுக்கு எட்டாம போகுது. அப்புறம் வடிகால். சால்மன் மீனை பாதுகாக்க 1999ல வந்த விதிகளால வாய்க்கால் தூர் வார பர்மிட் வேணும், மீனை எடுத்து வேற பக்கம் விடணும், கரையில செடி நடணும், செலவு தாங்காம நிறைய பேர் விட்டுட்டாங்க, வாய்க்கால் பூரா கேனரி புல் மண்டி வசந்த காலம் முழுக்க வயல்ல தண்ணி நிக்கும், டிராக்டர் இறக்கினா சக்கரம் அச்சு வரைக்கும் புதையும். கவுன்ட்டி தூர் வார உதவித் திட்டம் ஒண்ணு வெச்சிருக்கு, ஸ்னோக்வால்மியில வெள்ளம் வந்தா மாடும் டிராக்டரும் ஏறி நிக்க மண்மேடு போட்டுக்க அனுமதியும் குடுக்குது. இந்த சின்னச் சின்ன வேலைங்கதான் நிலத்தை விவசாய நிலமா வெச்சிருக்கு, பத்திரம் மட்டும் போதாது.

மாத்த வேண்டியது

பத்திரத்துல விவசாயம் பண்ணணும்ங்கற வரியும், விக்கும்போது விவசாய விலைக்கு கவுன்ட்டியோ இன்னொரு விவசாயியோ முதல்ல வாங்கிக்கிற உரிமையும் சேர்க்கணும். இந்த மாதிரி உரிமை மாசசூசெட்ஸ், வெர்மான்ட் மாநிலங்கள்ல பழக்கத்துல இருக்கு. பழைய பத்திரம் வெச்சிருக்கிறவங்களுக்கு கொஞ்சம் கூடுதல் காசு குடுத்து திருத்தி எழுத வெக்கலாம், 1979ல ஜனங்க முழு விலையும் குடுத்து வாங்கின பாதுகாப்பு பாதியில நிக்கறது அவங்களுக்கு பண்ற துரோகம்னே நான் நினைக்கிறேன்.

ஓட்டு ஜெயிச்ச நாளுக்கும் நிலம் வாங்கற நாளுக்கும் நடுவுல அஞ்சாறு வருஷம் இழுத்ததுக்கு வட்டி வரம்பும் ஒரு காரணம். அத பாண்ட் எழுதும்போதே யோசிச்சு, காத்திருக்கிற காலத்துக்கு தற்காலிக தடையாவது போட்டு வெக்கணும், குறிப்பா டவுனுக்கு ஒட்டின நிலத்துக்கு.

மைதானம், ஸ்கூல், ஃபயர் ஸ்டேஷன், லைப்ரரி எல்லாத்துக்கும் இடம் வேணும்ங்கறது உண்மை, அந்த தேவைய மறைச்சு வெச்சுட்டு விவசாய நிலத்தை மட்டும் காப்பாத்த முடியாது. வீடு கட்ட அனுமதி குடுக்கிற அன்னைக்கே அந்த ஏரியாவுக்கு எத்தனை மைதானம் வேணும், எங்கன்னு டவுன் எல்லைக்குள்ளயே நிலம் ஒதுக்க வெக்கணும். 1980கள்ல ரெட்மண்ட், வுடின்வில் மேட்டுல இத பண்ணியிருந்தா 1997 திருத்தத்துக்கு தேவையே வந்திருக்காது. இப்ப லைட் ரெயில் வர்ற வழியெல்லாம் புதுசா அப்பார்ட்மென்ட் எழும்புது, அந்த அனுமதிகள் ஒவ்வொண்ணும் சிட்டி கவுன்சில் மேசைக்கு வரும்போது மைதானக் கணக்கையும் கூடவே வெக்கச் சொல்லி கேக்க வேண்டியது அங்க குடியிருக்கிற நம்ம எல்லாரும்தான், கூட்டத்துக்கு நேர்ல போய் மூணு நிமிஷம் பேசலாம், போக முடியலன்னா எழுதி அனுப்பலாம்.